கைப்பிடி இல்லாத இடம்

பூங்கா அமைக்கிற தொழிலில் பூச்செடியைப் பாராட்ட ஊரே வரும். சாய்தளத்தைக் கவனிப்பவர் அதில் வழுக்கியவர் மட்டும்தான். ஏதாவது ஒரு படிக்கட்டின் முன் மூச்சு வாங்கி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. நடக்க முடியாதவர், பார்வையில்லாதவர் என எல்லோரும் வந்துபோகிற மாதிரி பூங்கா வரைவது என் சோலி.

வண்டி மட்டும்

போடிப் பூங்காவில் சாய்தளம் போட்டு முடித்ததும், ஒரு மத்தியானம் நானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். பாதியில் கை ஓய்ந்து, சக்கரம் பின்னால் நழுவியது. எதிரே பக்கத்து வீட்டு முருகேசன் வந்தான். "முருகேசா, பிடிடா!" என்று கத்தினேன். தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி கடந்து போய்விட்டான். காலைத் தரையில் ஊன்றித்தான் வண்டியை நிறுத்தினேன்.

அதன்பின் சாய்வைக் குறைத்து, நடுவில் இளைப்பாற ஒரு சமதளமும் வைத்தோம். ஆனால் அன்று சாயங்காலமே முருகேசனைப் பிடித்து, ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். நிஜமாகவே திகைத்துப் போனான்.

"சத்தியமா வண்டியத்தான் பாத்தேன் மாப்ளே, ஆளப் பாக்கல."

கீழிருந்து வந்த காற்று

போடிமெட்டில், பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு சின்னப் பூங்கா. பார்வையில்லாதவர்கள் காலால் தடவிக்கொண்டே கடைசிக் கம்பிவேலி வரை போக, மேடு வைத்த ஓடு பதித்திருந்தோம். சோதித்துச் சொல்ல சிலமலை ஊர்ச் செல்லப்பாண்டி அண்ணனை ஜீப்பில் கூட்டிப் போனேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

காலை பத்து மணிக்கும் மூட்டம் கலையவில்லை. நீட்டிய கை தெரியவில்லை. முன்னால் போகும் அவருடைய கம்புச் சத்தத்தை நம்பித்தான் நடந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. ஒரு கை என் நெஞ்சில் ஊன்றித் தடுத்தது.

"என்னண்ணே? கம்பிக்கு இன்னும் பத்தடி இருக்கே."

"பேசாத."

குனிந்து ஒரு கல்லை எடுத்து முன்னால் போட்டார். விழுந்த சத்தமே வரவில்லை. அப்படியே பின்வாங்கி உட்கார்ந்தோம். மூட்டம் விலகியபோது பார்த்தேன்: முந்தின நாள் மழையில் வேலி, மண், ஓடு எல்லாம் சரிந்து போயிருந்தன. நான் பதித்த பாதை நேராகப் பாதாளத்துக்குப் போனது. எப்படித் தெரிந்தது என்று அண்ணனைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"காத்து கீழருந்து மூஞ்சில அடிச்சுச்சு அப்பு. தரை அப்படி மூச்சு விடாது."

நாலு மணி ஊஞ்சல்

போடிப் பூங்காவில் சக்கர நாற்காலியோடு ஏறி ஆடுகிற ஊஞ்சல் ஒன்று உண்டு. "தெனம் நாலு மணிக்குத் தானா ஆடுது சார், நான் கிட்டப் போறதில்ல" என்றார் காவலாளி. போய்ப் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. செடிவேலிக்கு அப்பால் சங்கிலி கிரீச்சிட, வெறும் பலகை போய்ப் போய் வந்தது.

சுற்றிப் போனேன். தூணை ஒட்டி நின்று ஆட்டிக்கொண்டிருந்தது பொட்டிபுரம் மாரியம்மாள். அவர் மகள் பூவிழியின் நாற்காலியை அளந்துதான் அந்த ஊஞ்சலைச் செய்தோம். பார்க்கும்போதெல்லாம் "எப்ப தெறப்பீக?" என்று கேட்கும் பிள்ளை. அதிகாரியின் ஒரு கையெழுத்துக்காக ஊஞ்சல் திறப்பு தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாளாம். எனக்கு அன்றுதான் தெரியும். நானும் மறுபக்கச் சங்கிலியைப் பிடித்துத் தள்ளினேன். மாரியம்மாள் பதறித் தடுத்தார்.

"பைய ஆட்டுங்க சார். வேகமாப் போனா அவளுக்குப் பயம்."

'எல்லோருக்கும் அனுமதி உண்டு' என்று பூங்கா வாசலில் பலகை எழுதி மாட்டிய எனக்கு, அந்த எல்லோரும் யார் யார் என்று மட்டும் இன்றுவரை சரியாகத் தெரியாது.