அப்பா பக்கம்

துறையில் அவளுக்குச் சைபர் என்று பெயர். முகத்துக்கு நேரே 'சைபர் மேடம்', முதுகுக்குப் பின்னால் வெறும் சைபர். இந்தப் பெயரால் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா அவளை இணையக் குற்றம் துப்பறியும் போலீஸ் என்றே நம்பி, தன் போனுக்குள் யாரோ புகுந்துவிட்டான் என்று இரண்டு தடவை மூச்சிரைக்க மாடியேறி வந்திருக்கிறார். அவளும் போனை வாங்கி அணைத்துப் போட்டுக் கொடுத்தாள். சரியாகிவிட்டது. அதோடு அந்தப் பெயர் தெருவிலும் நிலைத்துவிட்டது.

உண்மையில் இது கணக்கில் வரும் சைபர். பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சமூக ஊடகங்களில் ஊர் உலகம் என்ன பேசுகிறது என்று ஆராய்வது அவள் வேலை. ஆராய்ச்சி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதிவு ஒவ்வொன்றாகத் திரையில் வரும். படிக்க வேண்டும். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று பார்த்து எண் போட வேண்டும். பயம் என்றால் ஒன்று, கோபம் இரண்டு, நம்பிக்கை மூன்று, கிண்டல் நான்கு. ஒன்றுமே இல்லையென்றால் சைபர். ஒரு நாளைக்கு நானூறு பதிவு. அவள் விசைப்பலகையில் மற்ற எண்களெல்லாம் பளிச்சென்று இருக்க, சைபர் மட்டும் தேய்ந்து மொட்டையாகிப் போயிருந்தது.

சேர்ந்த புதிதில் அவள் இப்படி இல்லை. வெள்ளத்தில் கன்றுக்குட்டியைப் பறிகொடுத்த ஒருத்தரின் நாலு வரியைப் படித்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதிருக்கிறாள். இரண்டாம் வருடம் அழுகைக்குப் பதில் டீ குடித்தாள். நான்காம் வருடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே வறட்சி, காட்டுத்தீ, புயல் எல்லாவற்றையும் பார்த்தாள், ஒரு கவளமும் தொண்டையில் சிக்கவில்லை. கல் நெஞ்சு என்று சொல்லிவிடலாம். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளுக்கு நானூறு பேர் வந்து கதவைத் தட்டினால் யாருக்கும் காது மரத்துத்தான் போகும்.

இது அவளுக்கு ஐந்தாவது ஒப்பந்தம். ஒவ்வொன்றும் இரண்டு வருடம். வயது நாற்பத்திரண்டு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இந்த ஒப்பந்தம் முடியட்டும் என்றாள், முடிவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அவளுக்கு மேலே இருந்த பேராசிரியர், பூமி சூடாவதைப் பற்றிப் பேச மாதம் இரண்டு விமானம் ஏறுகிறவர். அவர் அறையில் ஏசி எந்நேரமும் பதினெட்டில் ஓடும். அந்தக் குளிரில் உட்கார்ந்து வேலை பார்க்க அவள் ஒரு பழைய சால்வையை நாற்காலியிலேயே போட்டு வைத்திருந்தாள்.

அவள் அப்பா பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுடைய வேலையை அவர் ஒருநாளும் நம்பவில்லை. "வெயில் அடிக்கறதுக்கு ஒண்ணும் பண்ணல. வெயில் அடிக்குதுன்னு எவன் சொன்னான்னு எழுதி வைக்கவா உனக்குச் சம்பளம்?" என்பார். அவள் சிரிப்பாள்.

அவரைப் பார்த்துக்கொண்டது அக்கா. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், நாள் முழுக்கக் குடுவை கழுவி அடுக்குகிற வேலை. வீடு, ஊர், அப்பா, அத்தனையும் அக்கா தலையில். போன வருடக் கோடையில் ஒரு நாள் மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். அப்பாவுக்கு உஷ்ணம் தாங்கவில்லை, ரெண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றாள். அப்போது வெப்ப அலையைப் பற்றிய அறிக்கை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அறிக்கையை முடித்துவிட்டு வருகிறேன் என்றவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் வெயில்னுதான் படிக்கறேன். நீயும் போன்ல அதையே சொல்லாதக்கா" என்றாள்.

அக்கா சரி என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பதினைந்து நாள் போனே வரவில்லை. தொல்லை விட்டது என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்தது உண்மை, மூடி மறைக்க ஒன்றுமில்லை. பதினாறாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி, அப்பா போய்விட்டார் என்றார்.

போனாள். மூன்று நாள் இருந்தாள். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அக்காவும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்காம் நாள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எண் போட ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். தூங்கினாயா, தூங்கினேன். அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பரீட்சை வந்தது. அவளுக்கல்ல, அவள் போட்ட எண்களுக்கு. ஒரே பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எண் போட வேண்டும். இருவர் எண்ணும் நூற்றுக்கு எண்பத்தைந்தாவது ஒத்துப்போனால்தான் அந்த ஆராய்ச்சியை வெளியே நம்புவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது முடிந்து அறிக்கை போனால் இன்னும் இரண்டு வருடம் வேலை. போகாவிட்டால் மாதக் கடைசியில் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இரண்டாவது ஆளாக வந்தவரைக் கால்சென்டர் என்று கூப்பிட்டார்கள். ஒன்பது வருடம் காதில் ஹெட்போன் மாட்டி ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டவர், அப்புறம்தான் படிக்க வந்தார். யார் எதைச் சொன்னாலும் அதற்கடியில் ஒரு புகார் அவர் காதுக்குக் கேட்கும். பரீட்சைக்கு இருநூற்று நாற்பது பதிவுகள். போன வருடக் கோடையில் ஏதோ ஒரு மாவட்டத்தில் எழுதியவை. எழுதியவர் பெயரும் ஊர்ப் பெயரும் நீக்கி, தேதியை மட்டும் விட்டுவைத்து, நாள் வரிசையைக் கலைத்துத்தான் கொடுப்பார்கள். எந்த மாவட்டம் என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். இருவரும் எண் போட்டு முடித்துப் பார்த்தால், நாற்பத்தொரு பதிவில் முட்டிக்கொண்டு நின்றது. நூற்றுக்கு எண்பத்தி மூன்றுகூடத் தேறவில்லை.

வியாழக்கிழமை காலை இருவரும் பேராசிரியர் அறையில் உட்கார்ந்தார்கள். அவர் வழக்கம்போல் விமானத்தில் இருந்தார். நாற்பத்தொன்றில் சிலவற்றுக்கு அவர் கோபம் என்று இரண்டு போட்டிருந்தார், அவள் கிண்டல் என்று நான்கு. பத்தொன்பது ஒரே மாதிரிப் பதிவுகள். 'வாசல் 42. அப்பா பக்கம் 38.' அவ்வளவுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் அவள் சைபர் போட்டிருந்தாள், கால்சென்டர் பயம் என்று ஒன்று போட்டிருந்தார்.

அவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. விதிப்புத்தகத்தில் ஆறாம் விதி: வெறும் எண்ணோ அளவோ மட்டும் இருந்தால் உணர்ச்சி இல்லை, சைபர். முதல் ஒப்பந்தத்தில் அவளே எழுதிய விதி அது. அதோடு ஊடகத்தில் 'பக்கம்' என்றால் என்ன என்று பத்து வருடமாகப் படிக்கிறவளுக்குத் தெரியாதா? சமையல் பக்கம், சினிமா பக்கம், அரசியல் பக்கம் என்று ஆளுக்கொரு பக்கம் நடத்துகிறார்கள். அப்பா பக்கம் என்பதும் யாரோ நடத்துகிற பக்கம், முப்பத்தெட்டு பேர் தொடர்கிறார்கள், பாவம். இதைத்தான் அவரிடமும் சொன்னாள்.

கால்சென்டர் மறுத்துப் பேசவில்லை. பத்தொன்பதையும் தேதி வாரியாக அடுக்கித் தாளில் எடுத்து வந்திருந்தார். வாடிக்கையாளர் புகாரை மேலதிகாரிக்கு வாசித்துக் காட்டிய பழைய பழக்கத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

வாசல் 41. அப்பா பக்கம் 37. வாசல் 42. அப்பா பக்கம் 38. வாசல் 43. அப்பா பக்கம் 39. கரண்ட் இல்லை. அப்பா பக்கம் 40. அப்பா பக்கம் 40. ஈரத்துணி போட்டும் 40.

அவர் தாளைத் திருப்பினார். "கடைசிய பாருங்க மேடம். 'வாசல் 42.' அவ்வளவுதான். அப்பா பக்கம் இல்ல."

கண்ணால் படித்தபோது தெரியாதது காதால் கேட்டபோது தெரிந்தது. அவர்கள் வீட்டில் அறைகளுக்கு அறை என்ற பேச்சே கிடையாது. வாசல், அம்மா பக்கம், அப்பா பக்கம். மேற்கு வெயில் நேராக விழும் அறை அப்பா பக்கம். பந்து எங்கே என்றால் அப்பா பக்கம் கட்டிலுக்கு அடியில். சின்ன வயதில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை. அக்கா ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு வெப்பமானிகள், ஒன்று வாசலில், ஒன்று அங்கே, ஆணியில் தொங்கியதையும் அவள் அந்த மூன்று நாளில் பார்த்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சொந்த வீட்டு வார்த்தையைத் தொழில் வார்த்தையாகப் படித்துப் பத்தொன்பது தடவை முட்டை போட்டிருக்கிறாள்.

உடம்பில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஏசி ஓடும் சத்தம்தான் கேட்டது.

"ஆறாம் விதியை மாத்தணும்னு தோணுது" என்றார் கால்சென்டர். மாற்றினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். அந்த விதிப்படி எண் போட்ட ஐம்பதாயிரம் பதிவுகளைத் திரும்பப் படிக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் வேண்டும். வெள்ளிக்கிழமை என்பது மறுநாள்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "விதி விதிதான். எண்ணு மட்டும்தானே இருக்கு" என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழுகை தெரிந்தால் பிடித்துக்கொள்ளத் தெரிந்த மனிதர், அவள் முகத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. தான் போட்ட பத்தொன்பது 'ஒன்று'களையும் அடித்துவிட்டுச் சைபர் போட்டார். தொண்ணூறைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. அன்று மத்தியானமே பேராசிரியர் ஏதோ விமான நிலையத்திலிருந்து பாராட்டி எழுதினார், இரண்டு வருட நீட்டிப்பு உறுதி என்றும் எழுதினார். அவள் நன்றி எழுதிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். சோறு ருசியாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் எல்லாம் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். அவள் வைக்கவில்லை.

"போன வருஷம் வெயில் அளவெல்லாம் எழுதிப் போட்டியாக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எப்ப பாத்த?"

"போன வாரம். எங்களுக்கு வந்து சேரவே ஒரு வருஷம் ஆகும்."

தங்கைதான் மேலே கேட்டாள், எதற்காக அங்கே போய் எழுதினாய், எனக்கு அனுப்பியிருக்கலாமே என்று. கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அக்கா சொன்னாள், கோபமே இல்லாத குரலில்.

"போன்ல சொல்லாதன்னியே. நாள் பூரா அங்க போடறதத்தான் படிக்கறேன்னியே. அங்க போட்டா உன் கண்ணுல படும்னு போட்டேன். படிச்சுட்டு நீ வந்துடுவன்னு பாத்தேன்."

பட்டதா என்று அக்கா கேட்கவில்லை. பட்டது என்று இவளாகச் சொன்னாள். அதோடும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்கா கேட்டுவிட்டாள், படித்துவிட்டு ஏதோ எண் போடுவாயே, இதற்கு என்ன போட்டாய் என்று.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அளவு மட்டும்தான் இருந்துதுக்கா. சைபர் போட்டேன்."

அக்கா போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"இன்னைக்கு வாசல் முப்பத்தாறு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெறும் எண். அளவு மட்டும். ஆறாம் விதிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற வாக்கியம். பத்து வருடத்தில் எத்தனையோ லட்சம் வரி படித்திருக்கிறாள், எத்தனையோ இடத்தில் தயங்கியிருக்கிறாள். இதில் அவளுக்கு ஒரு நொடியும் தயக்கம் வரவில்லை. இரண்டு.