அம்மாவின் கழுத்தில் ஏறிய சங்கிலி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலர் என்றால் கண்ணீரோடு தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கோபத்தோடுதான் தொடங்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலரின் அட்டைக்காக ஸ்டூடியோவிலிருந்து அம்மாவின் படத்தை எனக்கு அனுப்பினார்கள். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. காதில் கல் தோடு. நூல்புடவை பட்டுப்புடவையாகியிருந்தது. நிறத்தையும் தாராளமாக வெளுத்துவிட்டிருந்தார்கள். எழுபத்து மூன்று வருடம் உழைத்தும் அம்மாவின் கழுத்தில் ஏறாத தங்கம், கம்ப்யூட்டரில் பத்தே நிமிடத்தில் ஏறிவிட்டது. யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள் என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்டேன். பிரான்சிலிருந்து உங்கள் அண்ணன்தான் சொன்னார், இப்போது எல்லோருமே இப்படித்தான் போடுகிறார்கள் மேடம் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

படம் மட்டும் என்றால் பரவாயில்லை. அண்ணன் ஒரு வாழ்க்கைக் குறிப்பும் எழுதி அனுப்பியிருந்தார். “வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குறையேதும் அறியாமல் வளர்ந்து” என்று ஆரம்பித்தது. யார் வீட்டு அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

எங்கள் அம்மா பிறந்தது தவளக்குப்பத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில். தாத்தாவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு மண்வெட்டிதான். குடும்பமே அடுத்தவர் நிலத்தில் நட்டது, களையெடுத்தது, அறுத்தது. தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்று அம்மாவின் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பிறகு மில் தொழிலாளியான அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தார். எனக்கு இரண்டு வயது, அண்ணனுக்கு ஏழு வயது ஆனபோது மில்லை மூடிவிட்டார்கள். அப்பா வேலை தேடி வெளியூர் போனார். அம்மா தினமும் தவளக்குப்பம் போய்க் கீரை வாங்கிவந்து பெரிய மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்றார். அடைமழை பிடித்தால் கீரை அழுகிவிடும்; வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கீரையில்தான் அண்ணன் படித்தார், நான் ஆசிரியை ஆனேன். அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து பிரான்சுக்கே போய்விட்டார். மாமனார் வீட்டார் கையில் இந்த மலர் போகுமே என்பதுதான் அவர் கவலை.

இந்த வாழ்க்கையை வெளியே சொல்லக் கூசுகிறவர்களுக்கு நான் ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. “சித்தாள் வேல செய்றவ லிப்ஸ்டிக் போட்டுக்கினு நிக்கிறா” என்று டிவியை அணைத்துவிடுவார். ஆறு வருடத்துக்கு முன்பு அவர் கண் ஆபரேஷன் ஆகித் தேறிவந்த சமயம், தனியாக விட மனமில்லாமல், கடற்கரைப் பக்கம் ஒரு திரைப்படச் சங்கத்தார் போட்ட படத்துக்குக் கூடவே கூட்டிப்போனேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். வடக்கே எங்கோ எடுத்தது. பாஷை எங்கள் இருவருக்குமே தெரியாது. கீழே ஓடிய ஆங்கிலத்தை அம்மாவால் படிக்க முடியாது. அதற்கு அவசியமே வரவில்லை.

மழை பொய்த்த ஒரு கிராமம். கூலி தேடிப் புருஷன் போய்விட்டான். குடிசையில் ஒரு தாயும் சிறுமியும். கூழ் காய்ச்சிய பானையைக் கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டாமல் அந்தத் தாய் குடிக்கிறாள். பின்னணியில் சோகப் பாட்டு இல்லை. பானைக்குள் விரல் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. என் பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தச் சிறுமி பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தாய் பார்த்துவிடுகிறாள். கையைப் பிடித்து இழுத்துவந்து தெருவில் வைத்து அடிக்கிறாள். சிறுமி அழுதுகொண்டே முன்னால் நடக்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா அந்தக் குழந்தையோடு போகவில்லை. பின்னால் வரும் தாயின் முகத்திலேயே நிற்கிறது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதபடி அவள் நடந்து வருகிறாள். எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! ஒரு ஏழைத் தாயை இத்தனை மரியாதையோடு பார்த்த படத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவளுக்கு நகை பூட்டவில்லை, வசனம் கொடுத்து நல்லவளாக்கவில்லை. அவள் எப்படி இருந்தாளோ அப்படியே நம் முன்னால் நிறுத்தினார்கள்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து, நம் வறுமையை வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டிப் பரிசு வாங்குகிற வேலை இது என்றார். பசித்துச் சாப்பிட்ட குழந்தையை எந்தத் தாயாவது அடிப்பாளா, சுத்தப் பொய் என்றார். வயிறார மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்த வாய் எப்படிப் பேசுகிறது பாருங்கள்! நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

“நான் அடிச்சிருக்கேன் சார். எம் புள்ள எதிர்வூட்ல சாப்ட்டான்னு வெளக்கமாத்தால அடிச்சேன். அவன் சாப்ட்டதுக்கு இல்ல. என்னால போட முடியலியேன்னு. அவனும் இப்டித்தான் அழுதுகினே முன்னால பூட்டான். எம் மூஞ்ச அவன் பாக்கல.”

அரங்கமே உறைந்துபோனது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், அந்தப் பெரியவர் “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

அட்டைப்படம் வந்த அன்று அண்ணனுக்குப் போன் செய்து, அந்தச் சங்கிலியை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மாமனார் வீட்டார் முன்னால் என்னை அசிங்கப்படுத்தாதே என்றார். மார்க்கெட் வாசலையும் எழுதுவேன், மில் மூடியதையும் எழுதுவேன், நீங்கள் அடி வாங்கியதையும் எழுதுவேன் என்று கத்தினேன். அவரும் விடவில்லை.

“பசியில சாப்ட்டதுக்கு அடிச்சாங்க. அப்டியும் நான் அவங்க கழுத்துக்கு செயின் போடத்தான் பாக்குறேன். நீ அந்த அடியத்தான் எழுதுவியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அன்று அரங்கத்தில் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவேயில்லை. ஏழு வயதில் வாங்கிய அடி, மறந்திருப்பார் என்று இருந்துவிட்டேன். ஊரையெல்லாம் திட்டுகிற நான், ஆறு வருடம் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் ஐந்து வருடம் அம்மா உயிரோடு இருந்தார். என்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் படத்தையும் அம்மா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் போனிலேயே சொன்னேன். அண்ணன் படத்தின் பெயரைக் கேட்டார். இணையத்தில் அது இருக்கும் இடத்தை அனுப்பினேன்.

நான்கு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

“ரெண்டு தரம் பாத்தேன். அந்தப் பொண்ணு திரும்பவே இல்ல. திரும்புடி, திரும்புடின்னு நான் இங்க உக்காந்து கத்திக்கினு இருந்தேன்” என்றார். பிறகு அழுதார். ஸ்டூடியோவுக்கு அவரே போன் செய்துவிட்டார். அட்டையில் நீங்கள் பார்ப்பது எங்கள் அம்மா.

கடைசி மூன்று வாரம் மூச்சுத்திணறலோடு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த பெரிய மார்க்கெட் கீரைக்காரப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரின் முதல் பிரதியை ஒரு பெரிய மனிதர் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு இருந்தது. அவர் மன்னிக்க வேண்டும். அதை வாங்கப் போகிறவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. அம்மாவும் அத்தையும் கடைசிவரை நன்றாகத்தான் பழகினார்கள். அந்தச் சோற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதேயில்லை. விஷயத்தைச் சொல்லி நான் அழைத்தபோது, “நான் இன்னாம்மா செஞ்சேன்? அந்தப் புள்ள பாதி சோத்துலயே எழுந்து பூட்ச்சே” என்றார்.

இன்று படையல் முடிந்து பந்தி போடும்போது, பிரான்சிலிருந்து வந்திருக்கும் அண்ணனை யாரும் தேட வேண்டாம். அவர் எதிர்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.