நன்றியுரைக்குப் பிறகு ஒரு படம்

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஒரு பேச்சும் ஒரு படமும் நடக்கும். யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. இதைத் தொடங்கியது நானும் கணினி கற்பிக்கும் என் தோழியும்தான். அவள் மாத்தளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். எந்த நாட்டுப் படமானாலும் சிங்களத்திலும் தமிழிலும் வரி எழுதிப் படத்தின் அடியில் ஓட விட்டுவிடுவாள். நான் தமிழ் கற்பிக்கிறேன். எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு.

பொறுமை குறைவு என்பதற்கு என்னை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். முதலில் குத்துவிளக்கு. ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர். தீபம் அணையக் கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்துவார்கள். பிறகு திருப்பிப் போட ஒருவருக்கும் நினைவிருக்காது. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை. பேச அழைக்கப்பட்டவர் எழும்போது கூட்டத்தில் பாதிப்பேர் கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். பறவைகளைப் பற்றிப் பேசக் கண்டியிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர் ஒரே ஒரு குருவியைச் சொல்லி முடிப்பதற்குள், நேரமாகிவிட்டது என்று அவர் கையில் துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். அவருக்குச் சொன்ன நன்றி அவர் பேச்சைவிட நீளம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் குத்துவிளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு உக்குவளை வரை நடந்திருப்பேன்.

இப்படி இருக்கையில்தான் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். மலையடித் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீடு. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். இவள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தாள். பால் வெட்டுவதைப் பற்றி எடுக்கத்தான் போனாளாம். ஆனால் படம் முழுக்க அம்மா பேசிக்கொண்டே இருந்தார். அரிசி களைந்தபடி, விறகு தள்ளியபடி, மகளைத் திட்டியபடி இருபது நிமிடம். பார்த்துவிட்டு நானும் தோழியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுல அம்மா பேச ஆரம்பிச்சா அப்பா ரேடியோ சத்தத்த கூட்டி வைப்பாரு, மிஸ். தம்பி எந்திரிச்சி வெளிய போயிருவான். நானும் காதுல ஹெட்போன மாட்டிக்குவேன். இத வெட்டி ஒட்டும்போதுதான் அம்மா பேசுறத மொத தடவயா முழுசா கேட்டேன். நாலு பேரு ஒக்காந்து இத கேக்கணும், மிஸ். அவுங்க கேக்குறத எங்கம்மா பாக்கணும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பரிசு, பாராட்டு எதையும் அவள் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டிச் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சினிமாவைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. வழக்கப்படி செய்தால் பேச்சு, படம், கடைசியில் நன்றியுரை. அந்த அம்மாவின் குரல் காதில் இருக்கும்போதே யாராவது எழுந்து 'ஒலிபெருக்கி தந்துதவிய அன்பருக்கும்' என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? என் உடம்பே கூசியது. ஆகவே நன்றியுரையைத் தூக்கிப் பேச்சுக்கும் படத்துக்கும் நடுவில் போட்டேன். நன்றி சொல்வதும் நானேதான், இரண்டே நிமிடம். அதன் பிறகு படம். படத்தோடு கூட்டம் முடியும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. இடமில்லாமல் வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று தோழி முற்றத்துப் பக்கம் ஒரு ஒலிபெருக்கியை வைத்திருந்தாள். அந்த அம்மா மெரூன் நிறச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். கொழும்பிலிருந்து வந்தவர் நன்றாகவே பேசினார். அவர் அமர்ந்ததும் நான் எழுந்து, "நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

அவ்வளவுதான். கதிரைகள் நகரத் தொடங்கின.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு நன்றியுரை என்றால் தேநீர் என்று அர்த்தம். பாலர் வகுப்பிலிருந்தே அப்படித்தான் பழகியிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். பின்வரிசை எழுந்தது, நடுவரிசை எழுந்தது. "இனித்தான் படம் இருக்கிறது, தயவுசெய்து அமருங்கள்" என்று மைக்கில் சொன்னேன். நன்றியுரையில் சொல்வதை இந்த நாட்டில் யார் காதில் வாங்கியிருக்கிறார்கள்? வெளியே என் குரலைக் கேட்ட கேன்டீன்காரர்கள் கோப்பைகளில் பால் விடாத பிளேன்டி ஊற்றத் தொடங்கினார்கள். ரோல்ஸ் தட்டுகளின் மூடியைத் திறந்தார்கள். அந்த வாசம் கதவு வழியாக உள்ளே வந்ததும் முன்வரிசையும் எழுந்தது. எங்கள் கல்லூரி அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். விருந்தினரின் முழங்கையை மெல்லப் பிடித்து, "வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபம் காலியானது. முன்வரிசையில் அந்த அம்மா மட்டும் இருந்தார்.

"முடிஞ்சிருச்சாங்க, மிஸ்?" என்று கேட்டார். "எம் மகளோட படம் எப்பங்க?"

மகள் மடிக்கணினிக்குப் பின்னால் குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. வீட்டில் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது, அதுவும் என் தயவில். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபப்பட முடியாதே என்று அடக்கிக்கொண்டேன். வெளியே ஓடி எல்லாரையும் பிடித்து இழுத்து வரலாமா என்று யோசித்தபோது தோழி என் கையைப் பிடித்தாள்.

"நீங்க எங்கயும் போக வாணாம். ரோல்ஸ் சாப்பிடுற மனிசன இழுத்தா வருவானா? ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தப் புள்ளட உம்மா இருக்காங்க தானே. படத்தப் போடுங்க."

போட்டோம். விளக்குகள் அணைந்தன. திரையில் அடுப்பு, புகை, புகைக்குப் பின்னால் அம்மா.

"என்னத்தடி புடிக்கிற? அடுப்பையா, எம் மூஞ்சியவா? மூஞ்சின்னா சொல்லு, கழுவிட்டு வாறேன்."

அந்தக் குரல் காலி மண்டபத்தில் மோதி எதிரொலித்தது. முற்றத்திலும் அது ஒலிப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். வெளியே கோப்பைச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. திரையில் அம்மா பக்கத்து வீட்டுச் சேவலைத் திட்ட ஆரம்பித்தார். அதற்கு நேரங்காலம் தெரியாதாம். என்றைக்காவது அது குழம்பானால் தனக்கு ஒரு கிண்ணம் வரவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாராம். முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்து அவர் பேச்சில் பஸ் வந்தது.

"இந்த பஸ்காரனுக்கு எங்க தோட்டத்து பஸ் ஹோல்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நான் கை காட்டுனா அவனும் கை காட்டிட்டுப் போறான். டாட்டா காட்டவா நான் வெள்ளன எந்திரிச்சி வந்தேன்?"

முற்றமே வெடித்துச் சிரித்தது. பல்லேகமவிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். அந்த டாட்டாவை வாங்காதவர் ஒருவரும் இருக்க முடியாது. சிங்களப் பிள்ளைகள் "மொகத கிவ்வே, மொகத கிவ்வே?" என்று, அம்மா என்ன சொன்னார் எனக் கேட்பதும், மற்றவர்கள் சிரிப்பினூடே மொழிபெயர்ப்பதும் கேட்டது. பிறகு வாசலில் ஒரு தலை, இரண்டு தலை. கையில் கோப்பையோடு, வாயில் ரோல்ஸோடு உள்ளே வந்தார்கள். இருட்டில் கதிரைகளில் இடித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் 'ஷ்' என்று அடக்கினார்கள். படம் பாதியைத் தாண்டியபோது மண்டபம் மறுபடியும் நிறைந்திருந்தது. கடைசியாக அதிபரின் குரல் கேட்டது.

"பிள்ளை, நாங்கள் முன்பக்கத்தைத் தவற விட்டிட்டம். திரும்ப முதலில இருந்து போட ஏலுமே?"

அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். நம் பண்பாடு தடுத்தது.

முதலிலிருந்து போட்டோம். நான் திரையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். அவரும் திரையைப் பார்க்கவில்லை. கதிரையைப் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டு, திரை வெளிச்சம் விழுந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார், அவர்கள் அமைதியானபோது பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததைத் திரையில் அவர் சொன்னபோது, பின்னாலிருந்து ஒரு பெண் "எங்க பக்கமும் அப்பிடித்தான்" என்றாள். அந்த அம்மா அவளைக் கண்ணால் தேடிப் பிடித்துப் பலமாகத் தலையாட்டினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்குக் கணக்கே இல்லை.

படம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், எங்கள் வழக்கப்படி, படம் எடுத்தவரிடம் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. மகள் முன்னால் வந்து நின்றாள். முதலில் கை தூக்கியது ஒரு சிங்கள மாணவன். அவன் கேட்டதைத் தோழி தமிழில் சொன்னாள்: "கேள்வி மகளுக்கு இல்லயாம். உம்மாவுக்காம். அந்த பஸ் பிறகு நிப்பாட்டிச்சா, இல்லயா?"

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். மகளின் கையிலிருந்த மைக்கை வாங்கி, அதற்குள் ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

"இவ பாதியத்தாங்க போட்டிருக்கா," என்றார். "அந்த பஸ் கதையில இன்னும் இருக்கு. சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க!" என்றார்கள். "கியன்ன, அம்மே!" என்றார்கள் சிங்களப் பிள்ளைகள். அதிபர் கோப்பையைக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மகள் இன்னும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா தன் காலிக் கதிரையைக் காட்டினார்.

"இது ஒனக்கும் தெரியாது. போயி ஒக்காந்து கேளு."

அவள் போய் உட்கார்ந்தாள். அம்மா பேச ஆரம்பித்தார்.