ஓடை மீனும் எங்க வூட்டு போர் தண்ணியும்

போன வாரம் தோஸ்து ராஜாவும் நானும் குற்றாலம் பக்கம் காட்டோடையில மீன் பாக்கப் போனோம். விரல் நீளக் கெண்டைங்க கொஞ்சம் பிடிச்சு, தண்டையார்பேட்டை வூட்டுக்குக் கொண்டாந்தேன்.

கூடவே கொண்டாந்த ஓடைத் தண்ணி கலங்கிடுச்சுன்னு நேத்து தொட்டியில எங்க போர் தண்ணிய மாத்தினேன். மோந்து பாத்துட்டுதான் ஊத்தினேன். நல்லாதான் இருந்துச்சு.

இன்னிக்குக் காலையில பாத்தா எல்லாம் செத்து மிதக்குது.

சேதி கேட்டு தாம்பரத்துலேர்ந்து ராஜா வந்தான். தொட்டிகிட்ட குனிஞ்சவன் மூக்கைப் பொத்திக்கினான்.

"டேய், பெட்ரோல் வாசனை குப்புனு அடிக்குது. உனக்குத் தெரியலையா?"

மறுபடியும் மோந்தேன். சத்தியமா ஒண்ணும் தெரியல.

அம்மா உள்ளேர்ந்து எட்டிப் பாத்து, "இன்னா வாசனை நைனா? நாங்க இதுலதானே குளிச்சிகினு கீறோம்"னாங்க.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்த ஓடையில முகம் கழுவும்போது நான்தான் அவன்கிட்ட சொன்னேன்: "இந்தத் தண்ணியில இன்னாமோ ஒரு வாசனை குறையுதுடா."

ஏரியா மக்களே, நம்ம தெருவுக்கு அடியில பெட்ரோல் பைப்பு போவுது, உங்க வூட்டுத் தண்ணிய மோந்து பாத்து கமெண்ட்ல சொல்லுங்க. இல்ல இல்ல, பழகிப்போன மூக்கால நீங்க மோந்தா வேலைக்காவாது. வெளியூர் சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா, அவங்களை மோந்து பாக்கச் சொல்லுங்க.