ஆறாவது ப்ரஷ்

மூன்றே பேர் இருந்த வீட்டில் மாதம் எட்டு பல் ப்ரஷ் வாங்கினால் கடைக்காரர் கூட ஒரு மாதிரி பார்க்கத்தான் செய்வார். நொட்டை சாரின் மனைவி அந்தப் பார்வையைப் பல வருடமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மனிதர் அரத்தை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ப்ரஷ்களின் காம்பை ராவ ஆரம்பித்துவிடுவார்.

"ஜெயிலுக்குள்ள இருக்கறவங்க திருட்டுத்தனமா பண்ற வேலைய நீங்க வெளிச்சத்துல உக்காந்து பண்றீங்க. நாங்க விரலாலதான் பல்லு தேய்க்கணும் போல."

"முனைய மழுக்கித்தானே வெச்சிருக்கேன். யாரையும் கீறாது."

அவர் வேலை அப்படி. சிறைக் காவலர்கள் தங்கள் சிறையைத் தாங்களே சோதித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதப் பழக்குவது. மூன்று நாள் வகுப்பு. கடைசி நாளில் இந்தப் போலி ஆயுதங்களில் ஐந்தை அவரே எங்காவது ஒளித்துவைப்பார், அவர்கள் தேடி எடுக்க வேண்டும். இளவயதில் அவரும் காவலராக இருந்தவர்தான். மூன்று முறை சோதித்து 'ஒன்றுமில்லை' என்று எழுதிய அறையிலிருந்து இப்படி ஒரு காம்பு புறப்பட்டு வந்து, பக்கத்தில் நின்ற நண்பனின் கன்னத்தைக் காது வரை கிழித்ததைப் பார்த்தவர். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்வதுதான். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

இந்த முறை வகுப்பு நடந்த சிறையில் அவர் மகள் இரண்டு வருடமாக நர்ஸ். அதனால் இரண்டு பங்கு கத்தினார். முதல் நாளே நடைபாதையில் எதிரே வந்த மகள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, என் ரூமுக்கு மட்டும் வந்து டிராயரக் கிளறாதீங்க. எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்."

"சரிம்மா, வரல" என்று சிரித்தார். அதோடு அந்த நாளில் அவர் சிரிப்பு முடிந்தது.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பூட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளி நின்று எண்ணினார்கள். சன்னல் கம்பியைத் தட்டிப் பார்க்கச் சொன்னால், போன வருட அறிக்கையைப் பார்த்து 'உறுதியாக உள்ளது' என்று எழுதினார்கள், அதிலிருந்த எழுத்துப்பிழை உட்பட. ஒருவன் உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று அவரே பெயர் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார், தொண்டை கட்டிப்போய். "ஒரு பொருள் கண்ணுல பட்டா, தொடறதுக்கு முன்னாடி எழுதுங்க. எந்த ரூம், எந்த மூலை, யார் பார்த்தது. எழுதிட்டு எடுங்க. இது கூடவா முடியாது?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டுவதில் குறையே வைக்கமாட்டார்கள்.

கடைசி நாள் மதியம் ஒரு பிளாஸ்டிக் வாளியை அவர் மேசையில் வைத்தார்கள். "எல்லாம் கெடச்சிருச்சு சார். ஒண்ணா போட்டு கொண்டுவந்துட்டோம்."

ஒரு தாளிலும் ஒரு எழுத்து இல்லை. தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வாளிக்குள் கையை விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். கட்டைவிரலில் ரத்தம். வாளியை மேசையில் கவிழ்த்தார். ஆறு காம்புகள். அவர் ஒளித்தது ஐந்து. ஆறாவதின் முனை ஊசி போல இருந்தது.



"இது என்னோடது இல்ல" என்றார். "எங்க இருந்துச்சு?"

எதை எங்கே எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை அவர்கள் தலையில் கவிழ்த்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். சலவை அறை, சமையலறை, நூலகம், தச்சுப் பட்டறை, மாடிப்படிக்குக் கீழே. ஐந்தும் அவர் வைத்த இடங்கள். கடைசியாக நின்றவன் தூங்குமூஞ்சி.

"நான் தேடவே இல்ல சார். தலவலின்னு மாத்திரை கேக்க நர்ஸம்மா ரூமுக்குப் போனேன். அங்க பேனா கீழ விழுந்துச்சு. குனிஞ்சப்ப ஊசி போடறதுக்கு உக்கார வைப்பாங்களே, அந்த ஸ்டூலுக்கு அடியில டேப் போட்டு ஒட்டியிருந்துச்சு. நர்ஸம்மா அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தாங்க. உங்களோடதுன்னு நெனச்சு எடுத்துக்கிட்டேன்."

உட்கார்ந்தவன் கையைத் தொங்கவிட்டாலே எட்டும் இடம். எதிரே ஒரு முழத்தில் அவர் மகள் நிற்பாள்.  

கண்காணிப்பாளருக்குச் சொல்லி, நடைபாதையை அடைக்கச் சொல்லிவிட்டு, விரலைப் பிடித்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனார். இரண்டு வருடத்தில் இப்போதுதான் அந்த வாசலைத் தாண்டுகிறார்.

"உக்காருங்கப்பா."

"நிக்கறேன்."

காயத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டாள். வழக்கம்போல் பதிவேட்டைத் திறந்தாள். "எப்படிப் பட்டுச்சு? காரணம் எழுதணும்."

"ப்ரஷ் காம்பு."

"உங்களோடதா?"

"இல்லம்மா. உன் ஸ்டூலுக்கு அடியில இருந்தது."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளை நிமிர்ந்து பார்த்தாள். போன முறை அப்பா வந்து நடத்திய சோதனையின் தாள். மருத்துவ அறை: முழுவதும் சோதிக்கப்பட்டது. குறை இல்லை. அடியில் அப்பாவின் கையெழுத்து.

"நீங்க வரவே இல்லையேப்பா."

"நீ சங்கடப்படுவேன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பார்க்காமலே எழுதுவதற்கு எந்தக் காரணமும் செல்லாது என்று மூன்று நாளாகப் பன்னிரண்டு பேரிடம் தொண்டை கிழியச் சொன்னவர் அவர்தான்.

அவள் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். 

"எழுதும்மா" என்றார். "அதையும் எழுது. என் பேரப் போட்டே எழுது."