பஸ் நிற்கக்கூடாது என்று கை தூக்கியவள்

என் அண்ணி எவுலாலியாவை அழகி என்று யாரும் சொன்னதில்லை. கோபக்காரி என்று சொல்லாதவர் இல்லை. அக்காபுல்கோ போகும் பழைய சாலையில், எல் பாரோத்தல் என்னும் எங்கள் ஊரில், அவளுடைய சாப்பாட்டுக் கடைக்கும் என் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் யாரைத் திட்டினாலும் எனக்குக் கேட்கும். பெரும்பாலும் என்னைத்தான் திட்டுவாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது என்பதால் எங்களுக்குள் மரியாதை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

என் அண்ணன் ஹசிந்தோ இறந்தபோது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தோம். அவள் முன்னறையில் நாலு மேசையைப் போட்டாள். தலைநகரிலிருந்து மதியம் வரும் பஸ்ஸைத் தன் வாசலில் நிற்கவும் வைத்துவிட்டாள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பஸ் கம்பெனி ஆள் ஒருவனை உட்கார வைத்துப் பொசோலே ஊற்றினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெள்ளைச் சோளமும் பன்றிக்கறியும் பூசணி விதை அரைப்பில் பச்சையாகக் கொதிக்கும் அந்தச் சாற்றை ஒரு தடவை குடித்தவன் வேறு ஊரில் வண்டியை நிறுத்த மாட்டான்.

அந்த பஸ்ஸின் டிரைவர் எரஸ்மோ. மனைவியை இழந்தவர், மெல்லப் பேசுகிறவர். வருஷக்கணக்காக அதே ஓர மேசைதான் அவருக்கு. சாப்பிட்டதும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுக்களை வாசலில் நிற்பார்.

"நல்லா இருந்துச்சு, எவுலாலியாம்மா."

"உப்பு கம்மி."

"இல்லம்மா, சரியா இருந்துச்சு."

பேச்சே இவ்வளவுதான். ஆனால் ஊரையே திட்டுகிற அண்ணி அவரை மட்டும் ஒருநாளும் திட்டியதில்லை. அது போதாதா எங்கள் ஊருக்கு? பஸ் போனபிறகு அவருடைய தட்டைக் கழுவ அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு லாரி டயரையே கழற்றி மாட்டிவிடுவேன்.

இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரல் கடைசியில் பன்றிக் காய்ச்சல் வந்தது. எங்கள் ஊருக்கு அல்ல, தலைநகருக்கு. ரேடியோ அலற ஆரம்பித்த மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேர் வாயிலும் நீல மாஸ்க். சாப்பிடுவதற்காக அதைக் கீழே இறக்கினார்கள். அவ்வளவுதான், நபோருக்குப் பொறுக்கவில்லை. நபோர் பன்றிக்கறி விற்கிறவன். ரேடியோ புண்ணியத்தில் அவன் கடைக்கு ஈ மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

"வழியெல்லாம் வாய மூடிக்கிட்டு வந்தீங்க, எங்க ஊர்ல வந்து திறக்கிறீங்களே! ஊதிட்டுப் போறதுக்கா?"

"மூடிக்கிட்டு எப்படிங்க சாப்பிடறது?" என்றாள் ஒரு டீச்சர், கரண்டியை வைத்துவிட்டு. "நோயே பன்னிகிட்டருந்து வந்ததுதானே? நாங்கதான் உங்களப் பாத்து பயப்படணும்."

"என் பன்னி தும்மி நீ பாத்தியாம்மா? அது இந்த ஊரத் தாண்டினதே கெடையாது. நோய் தலைநகரத்துல, பழி மட்டும் எம் பன்னிக்கு!"

கிடார் வைத்திருந்த ஒரு மாணவன் சிரித்தான். "நோயே இல்லைங்க. ஜனங்கள வீட்டுக்குள்ள பூட்டி வைக்க கவர்மெண்டு கட்டின கதை."

"அப்ப எங்க ஸ்கூல் வாட்ச்மேன் என்ன நடிச்சாரா?" டீச்சரின் குரல் உடைந்தது. "போன வாரம் இருமிக்கிட்டே எனக்கு வாசக்கதவ திறந்து விட்டாரு. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க. பக்கத்துல போகக்கூட விடல."

பேச்சை மாற்ற நான்தான் சொன்னேன், "ரெண்டு மடக்கு மெஸ்கால் சரக்கு ஊத்தினா எந்தக் கிருமியும் செத்துரும்."

"நீ தெனமும் ஊத்துற," என்றாள் அண்ணி. "ஒண்ணும் சாகலியே, உன் புத்தியத் தவிர."

எரஸ்மோ அன்றைக்கு உள்ளே வரவே இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு போய், பஸ் சக்கரத்தின் பக்கத்தில் வெயிலில் நின்று, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். அண்ணி சட்டியைக் கிண்டுவதை விட்டுவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பாஸ்கெட்பால் மைதானத்தில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊரில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம், எல்லோர் கண்ணெதிரேயும். ஊர்த்தலைவர் லாதிஸ்லாவோ எழுந்து, "தலைநகர் பஸ் இங்க நிக்கக்கூடாதுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒருவரும் தூக்கவில்லை. எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது.

"அவ எப்படிப்பா தூக்குவா?" என்றான் நபோர். "பஸ் வரலன்னா டிரைவர் வரமாட்டாரே!"

மைதானமே சிரித்தது. அண்ணி சுற்றிலும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் ஒன்றும் முறைக்கவில்லை, என் முகமே அப்படித்தான். பிறகு கையைத் தூக்கினாள், அக்குள் தெரிய, ஊரில் யாரும் அதுவரை தூக்காத உயரத்துக்கு. அப்புறம் எல்லோரும் தூக்கினார்கள்.

"எதுக்கு அண்ணி தூக்கினே?" என்று வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"ஊருக்கு நல்லது."

"பொய்."

"வாய மூடிட்டு நட."

அதற்குப்பின் மதியமானால் இரண்டு பேர் தடியோடு அவள் கடை வாசலில் நின்று பஸ்ஸைப் போ போ என்று விரட்டினார்கள். முதல் நாள் பஸ் கொஞ்சம் தயங்கியது. எந்தப் பாவியோ கல்லெறிந்தான், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் நசுங்கியது. மறுநாளிலிருந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு பஸ் நிற்காமல் போனது. எரஸ்மோ சாலையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பார். அந்த நேரம் பார்த்து அண்ணிக்குக் கொல்லைப்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

வியாழக்கிழமை, எங்கள் பக்கம் அது பொசோலே நாள், வழக்கம்போல வைத்தாள். பன்றிக்கறி என்று ஒருவரும் தொடவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று நான்தான் தின்று தீர்த்தேன். பிறகு ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் திட்டாமல் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். ஓர மேசையில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தினோ," என்றாள் என்னைப் பார்க்காமல், "ஒரு மனுஷன் மென்னு திங்கறதப் பாக்கணும்னு யாராவது ஏங்குவாங்களா?"

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவர் சாப்பிடறதப் பாக்கணும்போல இருக்கு. கண்ணுக்குள்ளயே இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"வேணும்," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய் உன் டயரப் பாரு" என்று விரட்டினாள்.

ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. எந்த ராஜா வீட்டு வண்டியும் அங்கே ஊர்ந்துதான் ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் ஓடிப்போய் ஜன்னல் வழியாக மாங்காய்த் துண்டும் கடலையும் நீட்டுவார்கள். அண்ணிக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. பசித்தவன் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவள் கட்சி. அடுத்த வியாழக்கிழமை அதே அண்ணி பொசோலேப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தடிக்காரர்களைத் தாண்டி, பட்டப்பகலில் ஊர் பார்க்க, வேகத்தடையை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது, பானை கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் நிற்கவில்லை அவள். வேகத்தடை மேலேயே, நடுரோட்டில் நின்றாள். பஸ் வந்தது. நின்றுதான் ஆக வேண்டும், நின்றது.

உள்ளே ஒரே கூச்சல்.

"டிரைவர், திறக்காதீங்க! இது கல்லெறிஞ்ச ஊரு!"

"அந்தம்மா வாயில மாஸ்க்கூட இல்ல பாருங்க! கைக்கொழந்த இருக்குய்யா இங்க!"

"இவங்களுக்குத்தான் நோய் இருக்கும், அதான் நம்மள அண்ட விடல!"

"பொசோலே வாசன வருது, திறப்பா நீ," என்றார் ஒரு கிழவர்.

கதவு திறந்தது. எரஸ்மோ கடைசிப் படியில் வந்து நின்றார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, இளைத்துப்போயிருந்தார்.

"எவுலாலியா," என்றார்.

அம்மா இல்லை, வெறும் எவுலாலியா. பானை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

"கை தூக்கினேன்," என்றாள் அவள். "நான்தான் முதல்ல தூக்கினேன். யாராவது சொல்லியிருப்பாங்க."

"சொன்னாங்க."

"கோபமா?"

"இல்ல. தூக்கலன்னா உங்க ஊரு உங்கள மென்னு துப்பியிருக்கும். எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தினார். "இன்னிக்குத்தான் கடைசி. கம்பெனி இந்த பஸ்ஸ டோல் ரோட்டுக்கு மாத்திருச்சு. ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க, கல்லு விழுந்தது சாக்காப் போச்சு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அண்ணி ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஏறிக்கோங்க," என்றார். "அக்காபுல்கோல என் தங்கச்சி வீடு இருக்கு. அவகிட்ட உங்களப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கேன்."

பஸ்ஸுக்குள் கூச்சல் நின்றுபோயிருந்தது. அண்ணி தன் சமையல் துணியைப் பார்த்தாள், ஊரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுப்புல பயறு வெச்சுட்டு வந்திருக்கேன்," என்றாள்.

எரஸ்மோ தலையாட்டினார். "சரிங்க," என்றார். கதவு மூடியது. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது, பஸ் போயேவிட்டது.

மே முடிவதற்குள் ஊர் மறுபடி கூடி, பஸ் நிற்கலாம் என்று கை தூக்கியது. எங்கள் ஊரில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தடிக்காரர்களே வந்து கடை வாசலைப் பெருக்கிவிட்டார்கள். எந்த பஸ் வரும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் லாதிஸ்லாவோவின் வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணியிடமும் கத்தினேன், அக்காபுல்கோ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரி, அந்த டிரைவரைத் தெரியாதவன் அங்கே இருப்பானா என்று.

"போய் என்னன்னு சொல்றது?" என்றாள். "பயறு வெந்துருச்சு, வந்துட்டேன்னா?"

இப்போது அவளுடைய கடையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். அவர்களை நன்றாகவே திட்டுகிறாள். எரஸ்மோ பேச்சை அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், இருவரும் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை.

"அன்னிக்கு அடுப்புல பயறே வெக்கல, தினோ," என்றாள்.

நான் கையை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை, உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல அந்த மனுஷன்? கேட்டிருந்தா பானைய உன் கையில குடுத்துட்டு ஏறியிருப்பேன்."