சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய படம்

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சோழபுரத்தில் பிறந்த என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த லீவு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோக, வடக்கே எல்லைப் பக்கம் கிளம்பிப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது நானும் என் மாமியாரும்தான்.

எங்கள் புழக்கடைச் சுவரை ஒட்டி ஒரு சினிமாத் தியேட்டர். வெயில் காலத்தில் புழுக்கம் தாங்காமல் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவைத்து, கறுப்புத் துணியை மட்டும் இழுத்துவிட்டிருப்பார்கள். அதனால் படத்தின் பேச்சும் பாட்டும் ஒரு வார்த்தை சிந்தாமல் எங்கள் கொல்லையில் வந்து விழும். ஆனால் அந்தத் தியேட்டருக்குள் நாங்கள் காலெடுத்து வைத்ததில்லை. மாமனார் போலீசில் இருந்தவர். அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அத்தை அதன்பிறகு கோயிலுக்குப் போவதற்கே யோசிப்பார்கள். எதிர்வீட்டில் மாமனாரின் அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா. அவர் அதட்டிப் பேசியெல்லாம் நான் கேட்டதில்லை. இருந்தாலும் புருஷன் ஊரில் இல்லாத மருமகளும் புருஷனை இழந்த மாமியாரும் சினிமாவுக்குப் போனால் அவர் என்ன நினைப்பாரோ, தெரு என்ன பேசுமோ என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பாட்டுகளுக்காகவே எடுத்த காதல் படம். தெருமுனையில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஒரு பெரிய அரண்மனை, தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக விளக்குகள், தரையெல்லாம் விரிந்து கிடக்கும் சிவப்புப் பாவாடையில் கதாநாயகி. அந்த போஸ்டரைத் தவிர நான் பார்த்தது ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் காதால் கேட்டதுதான்.

முதல் நாள் மேட்னியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த முதல் பாட்டு ஆரம்பித்தது. நூறு வயலின் ஒரே மூச்சில் எழுந்தது போல இருந்தது. கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதாநாயகனின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அன்றிலிருந்து என் நாளே அந்தப் படத்தின் கணக்கில்தான் ஓடியது. முதல் பாட்டுக்குத் துணி ஊறவைப்பேன். இடைவேளையில் காப்பி போடுவேன். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மறுபடி கொல்லைக்கே வந்துவிடுவேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கணவரின் முகம் எனக்கு அப்போது சரியாக நினைவில் இல்லை. கண்ணை மூடினால் மீசை வரும், கழுத்தில் இருந்த மச்சம் வரும், முழு முகம் வராது. குரல் சுத்தமாக வராது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கதாநாயகன் பேசப் பேச, அந்தக் குரலை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன். போஸ்டரில் இருந்த அரண்மனைப் படிகளில் அவரும் நானும் இறங்கி வருவோம். யாரிடம் சொல்ல முடியும் இதை?

இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டம் வரும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பேச்சே இருக்காது. நீண்ட நேரம் கொலுசுச் சத்தம் மட்டும், நின்று நின்று கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கள் கொல்லையில் தெரியும். அந்த நேரத்தில் திரையில் என்னதான் நடக்கிறது?

ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் என்னையறியாமல் குழவியை நிறுத்திவிட்டேன். கிணற்றடியில் நின்ற அத்தை, இறைத்த வாளியைக் கையிலேயே பிடித்தபடி சொன்னார்கள்: “அவன் போயிட்டான்ட்டி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு அத்தை?”

“அதான், பாட்டுப் படிக்கிறவன். சொல்லாம கொள்ளாமப் போயிட்டான். இல்லைன்னா இம்புட்டு நேரமா ஒரு சத்தத்தையும் காணமே.”

இத்தனை நாளும் அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “இல்ல அத்தை, ரெண்டு பேரும் சேந்து நிக்காக. பேச என்ன இருக்கு? அதான் பேசல” என்றேன்.

“ஆமா, நீ கண்ட” என்று வாளியைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். அதன்பிறகு தினமும் அந்த இடம் வரும்போது இரண்டு பேரும் கொல்லையில் இருப்போம். போயிட்டான் என்பார்கள் அத்தை. நிக்கான் என்பேன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே அடிதடி, டமால் டுமீல். எங்கள் படம் ராஜபாளையத்துக்குப் போய்விட்டதாக ஒலிபெருக்கி வண்டிக்காரன் சொல்லிக்கொண்டு போனான். அன்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அத்தை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

“எனக்குப் பல்லு வலிக்குட்டி.”

“எந்தப் பல்லு அத்தை?”

“ராஜபாளையத்துல போயிக் காட்டவேண்டிய பல்லு.”

மறுநாள் பெரிய மாமாவிடமும் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “பாத்துப் போயிட்டு வாங்க” என்றார். யாராவது தெரிந்தவர்கள் ஏறுவார்களோ என்று பஸ்ஸில் வழி நெடுக அத்தை கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

தியேட்டரில் பெண்கள் பகுதி முழுக்க மில் வேலைக்குப் போகிற பெண்கள். சிலர் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. முதல் பாட்டுக்கு அந்த அரண்மனை திரையில் விரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மனதில் கட்டிவைத்திருந்ததைவிட அது பல மடங்கு பெரிதாக இருந்தது. பளிங்குத் தரையில் வரிசை வரிசையாக ஆட்டக்காரிகள், பட்டுத் திரைகள், ஆயிரம் விளக்குகள். ஆனால் கதாநாயகனின் முகம் என் கணவரின் முகமில்லை. அதுதான் ஒரு நொடி நெஞ்சில் குத்தியது. பிறகு அந்தக் குரல் கேட்டதும் சமாதானமாகிவிட்டேன்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்தது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில், முன்வரிசையில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். மடித்த துண்டு தோளில். தனியாக வந்திருந்தார். திரும்பியவர் எங்களைப் பார்த்துவிட்டார். சந்தேகமே இல்லை, நேராகப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏட்டி, எந்தி. போயிருவோம்.” அத்தை காதோடு சொன்னார்கள்.

எனக்கு எழுந்திருக்க மனமில்லை. இன்னும் பாதிப் படம் இருக்கிறது. அந்த இடம் இன்னும் வரவில்லை. இன்றைக்கு விட்டால் இனி ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. “அத்தை, செத்த நேரம்” என்று கெஞ்சினேன். அவர்கள் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு எழுந்தேவிட்டார்கள். நானும் வேறு வழியில்லாமல் எழுந்தேன்.

அப்போது சோடா விற்கிறவர் இரண்டு கலர் பாட்டிலோடு எங்கள் வரிசைக்கு வந்தார். “ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரகதானே? முன்னால இருக்காகளே, அவிய குடுக்கச் சொன்னாக” என்று இரண்டு பேர் கையிலும் திணித்துவிட்டுப் போனார்.

பெரிய மாமா திரும்பவே இல்லை. அத்தை பாட்டிலையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்படியே மெதுவாக உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. அந்த இடம் வந்தது. நீண்ட பளிங்குத் தாழ்வாரம். அவள் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே நடந்து வருகிறாள். ஒரு விளக்கு, கொலுசு ஒலிக்க நாலு எட்டு, மறுபடி ஒரு விளக்கு. அவன் வாசல் கதவுக்கு வெளியே இருட்டில் நிற்கிறான். கதவைத் தட்டக் கை உயர்கிறது, தட்டவில்லை. கடைசி விளக்கும் அணைந்த பிறகு அவனும் அங்கேயே நிற்கிறான், அவளும் உள்ளே நிற்கிறாள். அவன் போகவும் இல்லை, அவர்கள் சேர்ந்து நிற்கவும் இல்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னார்கள்: “உங்க மாமா பந்தோபஸ்துக்குப் போகையில தெருமுக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போவாக. நான் கதவுக்கு உள்ள நின்னுக்கிடுவேன். வாசலுக்கு வந்து நிக்க வெக்கம். ஒருநாளாச்சும் வந்து நின்னுருக்கலாம்.”

அவர்கள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். படம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். “பல்லு இப்பம் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“தேவலை அத்தான்” என்றார்கள் அத்தை, தலையைக் குனிந்தபடி.

“பல்லு விசயம். ஒரு தடவையில சரியாகாது. இன்னொரு தடவை காட்டணும்னாலும் போயிட்டு வாங்க.” அவ்வளவுதான், போய்விட்டார். அவர் சம்சாரம் காலமான பிறகு அவரும் தனி ஆள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் நாங்கள் மறுபடி கிளம்புவதற்குள் அங்கேயும் படத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த லீவில் கணவர் வந்தபோது முழுக் கதையையும் பாட்டோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய சொந்தக் குரல் கதாநாயகன் குரலைவிடச் சற்றுக் கரகரப்பானது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவர் திரும்பிப் போன அன்று நான் கதவுக்கு உள்ளே நிற்கவில்லை. தெருவே பார்க்க வாசலுக்கு வந்து நின்றேன். அத்தைதான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள்.

ஏக்கம் என்பது புதுசாகக் கல்யாணமானவளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த எனக்கு, ஒரே கூரையின் கீழ் பேசாமல் நடமாடிய இன்னொரு மனதையும் அது எத்தனை வருடமாக வாட்டியிருக்கிறது என்று அன்றைய மேட்னிதான் காட்டியது. அதன்பிறகு என்னால் அவர்களை வெறும் மாமியாராகப் பார்க்கவே முடியவில்லை.